பயிற்சிப் பாய்க்கப்பலில் ஒரு நாளும் நூற்றுக்கணக்கான கயிறுகளும்

முட்டத்திலோ கடியபட்டணத்திலோ எழுபது வயதைத் தாண்டிய ஒரு கடலோடியிடம் ஆஞ்சான் எது, தாமான் எது என்று கேட்டால், அவர் வாயால் விளக்குவதற்கு முன்பே கையால் காட்டிவிடுவார். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான்; ஏறிய பாயின் கீழ்முனையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்ப இழுக்கவும் நெகிழ்க்கவும் பயன்படுவது தாமான்; பாயைத் தாங்கும் கழி பருமல். இந்தச் சொற்கள் குமரி மாவட்டக் கரையில் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. அவை குறித்த பொருள்கள்தாம் அழிந்துபோயின. 1980களில் அவுட்போர்டு எஞ்சின் பரவத் தொடங்கியபின், கட்டுமரத்தின் பாயும் வள்ளத்தின் பாயும் ஒரு தலைமுறைக்குள் தொழிலிலிருந்து விலகின. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற பெருந்தோணிகளும், உலகின் கடைசிச் சரக்குப் பாய்க்கலங்களுள் சிலவாக நெடுங்காலம் தாக்குப்பிடித்தபின், எஞ்சினுக்கு மாறிவிட்டன.

ஐரோப்பாவில் இதே முடிவு முப்பது நாற்பது ஆண்டுகள் முன்னதாக வந்தது. ஆஸ்திரேலியத் தானியத்தை ஏற்றிக்கொண்டு 1949இல் தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிவந்த பாமீர், பாசாட் என்னும், நான்கு பாய்மரங்கள் கொண்ட இரண்டு கப்பல்களோடு, பெருங்கடலில் பாயால் சரக்கு சுமக்கும் தொழில் ஏறக்குறைய ஓய்ந்தது. ஆனால் எஞ்சியிருந்த கப்பல்கள் எல்லாம் உடைப்புக்குப் போகவில்லை. அவற்றில் சில இளைஞர்களுக்குக் கடல் கற்பிக்கும் கூடங்களாயின. 1956 ஜூலையில், அதாவது குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு நான்கு மாதம் முன்பு, இங்கிலாந்தின் டோர்பேயிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் பயிற்சிப் பாய்க்கப்பல்களின் முதல் போட்டி நடந்தது. பாய்க்கப்பல் காலத்துக்கு ஒரே ஒருமுறை விடைகொடுப்பதாகத்தான் அதை ஏற்பாடு செய்தவர்கள் எண்ணியிருந்தார்கள்; வழியனுப்பு விழாவாகத் தொடங்கிய அது இன்றுவரை தொடர்கிறது. கலந்துகொள்ளும் கப்பலில் உள்ளோரில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டிகளின் விதி.

இப்படி மீட்டெடுக்கப்பட்ட கப்பல்களில் நடக்கும் அன்றாட வாழ்க்கையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நூறு, நூற்றைம்பது ஆண்டு வயதான ஒரு கப்பலை மிதக்க வைத்திருப்பது பணமும் தச்சுவேலையும் மட்டுமே என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கப்பல்களின் நடைமுறையைக் கூர்ந்து பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் ஏதுமறியாமல் ஏறி வரும் புதியவர்களின் கைவேலைதான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது என்பது புலப்படும். கற்றுக்கொள்வதும் கப்பலைப் பேணுவதும் அங்கே இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல.

மீட்பு எத்தகையது என்பதை அறிய, அமெரிக்காவின் சான் டியாகோவில் நிற்கும் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'வை எடுத்துக்கொள்வோம். நம் கடலோடு அதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஐல் ஆஃப் மேன் தீவின் ராம்சியில் 1863இல் இரும்பால் கட்டப்பட்டபோது அதன் பெயர் யூட்டர்பி. கல்கத்தா நோக்கிய முதல் பயணத்திலேயே வேல்ஸ் கரையருகே வேறொரு கப்பலோடு மோதியது. மாலுமிகள் மேற்கொண்டு செல்ல மறுத்ததால் அவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். இரண்டாம் பயணத்தில், 1865இல், சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் புயலில் சிக்கி, கப்பலைக் காப்பாற்றப் பாய்மரங்களையே வெட்டிக் கடலில் தள்ளவேண்டியதாயிற்று. தட்டுத்தடுமாறித் திருகோணமலையை அடைந்து, பிறகு கல்கத்தா சென்று பழுதுபார்த்துத் திரும்பும் வழியில் கப்பல் தலைவரும் இறந்தார். அவர் உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. இத்தனை தொல்லையோடு தொடங்கிய கப்பல், பின்னர் நியூசிலாந்துக்குக் குடியேறிகளையும் அலாஸ்காவின் சால்மன் மீன் தொழிலுக்கு ஆட்களையும் ஏற்றிச் சென்று, 1923இல் ஓய்வுபெற்று, பல பத்தாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்து, 1976இல் மீண்டும் பாய் விரித்தது. அதைச் செலுத்துவோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கப்பல் கடலுக்குப் போவது அரிது என்றாலும் அதற்கான பயிற்சி அவர்களுக்குத் தொடர்ந்து நடக்கிறது.

மற்றவற்றின் கதைகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. 1874இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டப்பட்ட ஜேம்ஸ் கிரெய்க், கடைசிக் காலத்தில் நிலக்கரி சேமிக்கும் வெற்றுக்கூடாகி, டாஸ்மேனியாவின் ஒரு வளைகுடாவில் பின்புறம் வெடிவைத்துத் துளையிடப்பட்ட நிலையில் தரைதட்டிக் கிடந்தது. 1972இல் அதை மிதக்கவைத்து, சிட்னிக்குக் கொண்டுவந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டு உழைப்புக்குப் பின் கடலில் ஓட்டினார்கள். பிரான்சின் பெலெம், 1896இல் நாந்த் நகரில் கட்டப்பட்டு, பிரேசிலின் கொக்கோவைச் சுமந்த கப்பல். 1902 மே 8 அன்று மார்டினிக் தீவில் எரிமலை வெடித்து செயின்ட் பியேர் நகரம் அழிந்தபோது, துறைமுகத்தில் தனக்குரிய இடத்தை வேறொரு கப்பல் பிடித்துக்கொண்டதால் தள்ளிப்போய் நங்கூரமிட்டிருந்த பெலெம் தப்பியது. அதே கப்பல் 2024இல் ஒலிம்பிக் சுடரை ஏதென்ஸின் துறைமுகத்திலிருந்து சுமந்துகொண்டு மார்செய் துறைமுகத்தில் நுழைந்த நாளும் மே 8 என்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் கடலோடிகள் இத்தகைய தற்செயலை எளிதில் மறப்பதில்லை.

கப்பலைப் பேணும் வேலையைப் பற்றிக் குமரிக் கரையில் அதிகம் விளக்கத் தேவையில்லை. அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கட்டுவள்ளத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்து, நைந்த கயிற்றை அறுத்தெறிந்து, புதுக்கயிற்றால் மீண்டும் தைப்பதும், பலகைக்குச் சாளை எண்ணெயோ முந்திரித்தோட்டு எண்ணெயோ பூசுவதும் இங்கே தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தன. அப்படித் தைத்துப் புதுக்கிய வள்ளத்தைப் பழைய வள்ளம் என்பதா, புது வள்ளம் என்பதா என்று எவரும் தத்துவம் பேசியதில்லை. பெருங்கப்பலிலும் நிலைமை அதுவே. மரத்தளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்துச் செருகி, தார் போன்ற கீலை ஊற்றி அடைக்கும் வேலைக்குத் தமிழில் கலப்பத்து என்று பெயர். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த அந்தச் சொல்லும் வேலையும் பயிற்சிக் கப்பல்களில் இன்றும் உண்டு. மரத்தை அழிப்பது கடல்நீர் அன்று, மழைநீர். உப்பு மரத்தைத் தின்னும் பூஞ்சையைத் தடுக்கிறது; இடுக்கில் தேங்கும் நன்னீரோ அதை வளர்க்கிறது. காலைதோறும் தளத்தைக் கடல்நீரால் கழுவித் தேய்க்கும் வழக்கம் வெளியார் கண்ணுக்கு இளைஞர்களை அடக்கி வைக்கும் தண்டனை போலத் தெரியலாம். ஆனால் பலகை ஊறிப் பருத்தால்தான் இடுக்கு இறுகும், இடுக்கு இறுகினால்தான் கீழே தூங்குபவர் நனையாமல் இருப்பார்.

கயிறுகள் உராயும் இடங்களில் துணி சுற்றுவது, எஃகு வடங்களுக்குக் கீல் பூசுவது, பாய்மரத்துக்கு எண்ணெயிடுவது, கிழிந்த பாயைத் தைப்பது ஆகியவை நாள்தோறும் நடக்கும். பாய் தைக்கும் ஊசி நம் கோணி ஊசியைவிடத் தடித்தது, முப்பட்டையானது. அதைத் தள்ள உள்ளங்கையில் தோலுறை மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் ஒரு முழம் தைப்பதற்குள் விரல் மரத்துவிடும்.

இனி நாளின் ஒழுங்கு. கப்பலில் பகல் இரவு என்ற பிரிவு வானத்துக்கு உண்டே தவிர, வேலைக்கு இல்லை. ஏறியவுடனேயே எல்லோரையும் மூன்று அணிகளாகப் பிரித்துவிடுவார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. ஒவ்வோர் அணிக்கும் ஒரு நாளில் இரண்டு முறை. நார்வேயின் ஸ்டாட்ஸ்ராட் லெம்கூல் என்னும் கப்பலில் இந்த அணிகளுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பெயர். நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு வரை உள்ள முறை கிடைத்தவர்கள் முதலில் நொந்துகொள்வார்கள். ஆனால் விண்மீன்களையும் கடலின் பசும் ஒளிர்வையும் நிறையப் பார்ப்பவர்கள் அவர்களே. சில கப்பல்களில் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறையை இரண்டிரண்டு மணியாக உடைத்துவிடுவார்கள். அப்படி உடைத்தால் நாளின் முறைகள் ஆறிலிருந்து ஏழாகி, நள்ளிரவு வேலை ஒரே அணியின் தலையில் விழாமல் நாளுக்கு நாள் நகரும். அரைமணிக்கு ஒருமுறை மணி அடிக்கப்படும். முதல் அரைமணிக்கு ஓர் அடி, அடுத்ததற்கு இரண்டு என்று ஏறி, எட்டாம் அடியில் முறை முடியும். எட்டு அடித்தபின்னும் அடுத்த அணி தளத்துக்கு வரவில்லை என்றால், நின்றுகொண்டிருப்பவர்களுக்கு வரும் கோபத்தை எந்த விதிநூலும் அடக்க முடியாது.

முறையில் இருக்கும் நான்கு மணி நேரத்தையும் கூறுபோட்டுப் பங்கிடுவார்கள். ஒருவர் அல்லது இருவர் சுக்கான் சக்கரத்தில் நின்று, திசைகாட்டியைப் பார்த்துக் கப்பலைச் சொன்ன பாகையில் நிறுத்த வேண்டும். ஒருவர் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று எதிரே தெரியும் விளக்கு, படகு, மிதவை எதையும் உடனே அறிவிக்க வேண்டும். ஒருவர் பின்புறத்தில் உயிர்காப்பு மிதவையின் அருகே நின்று, யாரேனும் கடலில் விழுந்தால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மணிக்கொருமுறை கப்பலின் அடித்தளம் வரை இறங்கி, புகைநாற்றம் உண்டா, தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவர வேண்டும். நீரால் சூழப்பட்ட கப்பலில் மனிதர் மிகவும் அஞ்சுவது நெருப்புக்குத்தான். எஞ்சியவர்கள் பாய் வேலைக்குக் காத்திருப்பார்கள். சற்று நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாறுவார்கள். சக்கரத்தைப் பிடித்த புதியவர் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: கப்பல் இடப்பக்கம் நகர்ந்ததும் சக்கரத்தை வலப்பக்கம் மிகுதியாகத் திருப்பிவிடுவார், சில நூறு டன் எடை திரும்பத் தொடங்க நேரமெடுக்கும் என்பதால், அவர் இன்னும் திருப்புவார், பிறகு கப்பல் மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நீளும் நீர்த்தடம் பாம்பு போல வளைந்து கிடப்பதைப் பார்த்துக் கப்பலே சிரிக்கும். குமரிக் கடலில் விசைப்படகில் ஸ்ராங்கு வேலை, அதாவது படகோட்டும் வேலை, பழகும் பையனுக்கும் முதல் வாரத்தில் நேர்வது இதுவே.

தூங்குவதற்கு, ஸ்டாட்ஸ்ராட் லெம்கூல் போன்ற கப்பல்களில், பொதுக்கூடத்தில் வரிசையாகக் கட்டும் தூளிதான். கப்பல் ஆடும்போது தூளி நேராகத் தொங்குவதால், கட்டிலைவிட அதில் தூக்கம் எளிது. குழந்தையைத் தூளியில் இட்டு வளர்த்த நமக்கு அதன் இயக்கவியலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூளிகள் நெருக்கமாகத் தொங்குவதால் ஒருவர் புரண்டால் அடுத்தவர் விழிப்பார். விழித்ததும் சுருட்டிக் கட்டி எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அதே கூடம்தான் சாப்பாட்டறையும் வகுப்பறையும். முதல் இரண்டு மூன்று நாள் பலருக்கும் வாந்திதான் முதன்மை அனுபவம். படுத்துவிடாமல் மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்தபடி ஏதாவது வேலை செய்வதும், வயிற்றைக் காலியாக விடாமல் உலர்ந்ததைத் தின்பதும் மருந்து. உணவைப் பற்றிச் சுருங்கச் சொன்னால், நிறைய கிடைக்கும், தட்டுதான் நிற்காது. மேசையில் ஈரத்துணி விரித்துத் தட்டை அதன்மேல் வைத்துக்கொள்வது பழைய உத்தி.

கயிறுகளுக்கு வருவோம், ஏனெனில் இந்தக் கப்பல்களின் கல்வி உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. இந்தியக் கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பலான ஐஎன்எஸ் சுதர்சினி 54 மீட்டர் நீளமே உடையது. அதில் 20 பாய்களும் சுமார் 7.5 கிலோமீட்டர் நீளக் கயிறும் உண்டு. ஒவ்வொரு பாய்க்கும் ஏற்றும் கயிறு, இறக்கும் கயிறு, கீழ்முனைகளை இழுக்கும் கயிறு, பாயைச் சுருட்டி மேலே ஒடுக்கும் கயிறு, பருமலைக் கிடையாகத் திருப்பும் கயிறு என்று பல இருப்பதால், தளத்தின் ஓரத்தில் வரிசையாகச் செருகிய முளைகளில் நூற்றுக்கணக்கான கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் மீது பெயர்ச்சீட்டு இருக்காது. முதல் நாளில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு தருக்கம் உண்டு: கீழ்ப்பாயின் கயிறுகள் முன்னேயும் மேற்பாய்களின் கயிறுகள் அடுத்தடுத்துப் பின்னேயும் வரும், இடப்பக்க வரிசையே வலப்பக்கமும் கண்ணாடிப் படிமம் போல அமையும், ஒரே வகைக் கப்பல்களில் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். அதனால்தான் பழைய காலத்தில் அறியாத கப்பலில் ஏறிய மாலுமி, முதல் இரவின் இருட்டிலேயே தடவிப் பார்த்து உரிய கயிற்றைக் கண்டுபிடித்தான். இரவில் மழையோடு காற்று பாயும்போது விளக்கு தேடி, சீட்டைப் படித்து, அவிழ்க்க நேரமில்லை. கயிற்றின் இடம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக் கப்பலில் இரண்டாம் வாரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிறு கண்டுபிடிக்கும் போட்டி வைப்பது விளையாட்டுக்காக மட்டுமல்ல.

கயிற்றைச் சுருட்டி மாட்டுவதிலும் விதி உண்டு. வலமுறுக்காகத் திரிக்கப்பட்ட கயிற்றை வலஞ்சுழியாகவே சுருட்ட வேண்டும். மாற்றிச் சுருட்டினால் முறுக்கு எதிர்த்து, அவிழ்க்கும்போது சிக்கு விழும், சிக்கு கப்பியில் போய் மாட்டும், பாய் பாதியில் நிற்கும். தேங்காய்நாரைக் கையால் திரித்துக் கயிறாக்கிய குடும்பங்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். முறுக்கின் திசைக்கு எதிராகக் கயிற்றை வளைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எந்தக் கப்பலிலும் ஏறாமலே அறிவார்கள்.

மேலே ஏறுவது பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பாய்மரத்தை இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்களின் குறுக்கே கட்டிய கயிற்றேணியில் ஏற வேண்டும். எப்போதும் காற்று வரும் பக்கத்து ஏணியிலேயே ஏறுவார்கள்; அப்போது காற்று ஏறுபவரை ஏணியோடு சேர்த்து அழுத்தும், கப்பலும் மறுபக்கம் சாய்ந்திருப்பதால் ஏற்றம் சற்றுப் படுத்ததாக இருக்கும். முதல் மேடையை அடையுமிடத்தில் ஏணி வெளிப்புறமாகச் சாய்வதால், சில அடி தூரம் முதுகு கடலைப் பார்க்கத் தொங்கியபடி ஏற வேண்டும். புதியவர்கள் உறைந்து நிற்பது அங்கேதான். அதைக் கடந்து, பருமலின் கீழே தொங்கும் காலடிக் கயிற்றில் பக்கவாட்டில் நகர்ந்து, வயிற்றைப் பருமலில் அழுத்தி, இரண்டு கையாலும் பாயை இழுத்துச் சுருட்ட வேண்டும். காலடிக் கயிற்றில் ஒருவர் கால் வைத்தால் அடுத்தவரின் கயிறு உயரும். ஆகவே கால் வைப்பதற்கு முன் குரல் கொடுப்பது கட்டாயம். இன்று எல்லோருக்கும் இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை உண்டு. பெரும்பாலான கப்பல்களில் எவரையும் மேலே ஏறும்படி வற்புறுத்துவதும் இல்லை. ஒரு திளாப்பை மட்டும் காலில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் பல பனைகளில் ஏறி இறங்கிய பனையேறிகளின் மாவட்டத்தில் இந்த உயரம் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் பனை அசைந்தாலும் அதன் வேர் நிலத்தில் இருக்கிறது. கப்பலில் கீழே பத்துப் பாகை சாய்வு, உச்சியில் பல மீட்டர் வீச்சாகிவிடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஏன் இத்தனை ஆட்களைக் கேட்கிறது என்பதற்குக் காற்றின் இயல்பே விடை. கட்டுமரத்தின் முக்கோணப் பாய் காற்று வரும் திசைக்கு ஓரளவு நெருக்கமாகச் செல்லக்கூடியது. பெருங்கப்பலின் குறுக்குப் பாய்களோ அத்திசையிலிருந்து அறுபது பாகைக்கும் அதிகமாக விலகினால்தான் இழுக்கும். பின்காற்றில் அவற்றுக்கு இணையில்லை. எதிர்காற்றில் அவை தவிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிளந்துகொண்டு மேற்கிலிருந்து வரும் மேல்காற்றை முப்பந்தலின் காற்றாலைகள் மின்சாரமாக்குவதை நாம் பார்க்கிறோம். அதே பருவத்தில் குமரி முனைக்கு அப்பால் மேற்கு நோக்கிச் செல்லவேண்டிய பாய்க்கப்பலின் நிலையை எண்ணிப் பார்த்தால், பழைய காலத்தில் குளச்சல் போன்ற திறந்த துறைகள் தென்மேற்குப் பருவத்தில் ஏன் அடங்கிக் கிடந்தன என்பது விளங்கும். காற்றுக்கு எதிராக முன்னேற, கப்பல் கோணல்மாணலாக மாறி மாறித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பாய்மரத்தின் பருமல்கள் அனைத்தும் சேர்ந்து சுழல வேண்டும்: ஒரு பக்கத்துக் குழு இழுக்கும்போது மறுபக்கத்துக் குழு அதே வேகத்தில் நெகிழ்க்க வேண்டும். நெகிழ்ப்பவர் தாமதித்தால் இழுப்பவர் எத்தனை பலசாலியானாலும் பருமல் நகராது; அவசரப்பட்டு விட்டுவிட்டால் பருமல் தானே வீசியடிக்கும். சுக்கான், முன்பாய், நடுப்பாய் ஆகிய மூன்றும் சில நொடி முன்பின் ஆனாலும் கப்பல் திரும்பாமல் காற்றுக்கு நேரே நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கிவிடும். நாற்பது பேர் ஒருவரையொருவர் கவனிக்கப் பழக இதைவிடத் தெளிவான பாடம் வகுப்பறையில் கிடைக்காது. தவறு செய்தவர் யார் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை, கப்பலே காட்டிவிடும்.

ஆபத்தை மறைத்து இந்தக் கப்பல்களைப் புகழ்வது நேர்மையாகாது. முன்னர்க் குறிப்பிட்ட பாமீர், பயிற்சி மாலுமிகளையும் சரக்கையும் சேர்த்தே சுமந்துகொண்டு 1957 செப்டம்பரில் அட்லாண்டிக்கில் சூறாவளியில் மூழ்கியது. மூட்டையின்றிக் கொட்டப்பட்டிருந்த பார்லி ஒரு பக்கம் சரிந்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. 86 பேரில் 6 பேரே பிழைத்தனர், இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள். 1984 ஜூனில் பெர்முடாவிலிருந்து கிளம்பிய போட்டியில் மார்க்கஸ் என்னும் பழைய கப்பல் திடீர்க் காற்றில் ஒரு நிமிடத்துக்குள் மூழ்கி 19 பேர் மாண்டனர். 2025 மே 17 அன்று மெக்சிகோ கடற்படையின் குவாடெமோக், நியூயார்க்கில் புறப்படும்போது கட்டுப்பாடிழந்து புரூக்ளின் பாலத்தில் மோதியது. மரியாதை அணிவகுப்புக்காகப் பருமல்களில் மாலுமிகள் நின்றிருந்த நிலையில் பாய்மரங்கள் முறிந்தன, இருவர் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின்னால் விதிகள் இறுகிவந்திருக்கின்றன. மீட்டெடுத்த கப்பலில் இன்று எஞ்சின், ரேடார், நீர்புகாத் தடுப்புச் சுவர்கள், செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் உண்டு. பழமையை இவை கெடுப்பதாகக் குறைப்படுவோர் மேலைநாடுகளில் இருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த நம் படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேராததன் விலை என்ன என்பதைத் தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்கள் அறியும்; கப்பலின் அழகுக்காகத் தகவல் கருவியை ஒதுக்கலாம் என்று இந்தக் கரையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

வேறொரு குறையும் உண்டு. ஐரோப்பியப் பயிற்சிக் கப்பல்களில் பெரும்பாலானவை கட்டணம் வாங்கியே இளைஞர்களை ஏற்றுகின்றன. உதவித்தொகை உண்டென்றாலும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்ப்பு மிகுதி. தன்னம்பிக்கை வளர்வதற்காக ஒருவர் பணம் கட்டிக் கடலுக்குப் போகிறார் என்பதே வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரையும் சுறாவும் பிடிக்கும் தூத்தூர் பக்கத்து இளைஞருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அவருடைய விசைப்படகிலும் முறைவைத்துச் சுக்கான் பிடிக்கிறார்கள், நெருக்கியடித்துத் தூங்குகிறார்கள், குடிநீரை அளந்து செலவழிக்கிறார்கள், சான்றிதழ்தான் தருவதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. விசைப்படகில் கற்றுக்கொள்பவர் பார்த்துப் பார்த்துக் கற்கிறார். ஏன் என்று கேட்டால் வசைதான் விழும். பயிற்சிக் கப்பலில் ஏன் என்று கேட்பதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தை ஒதுக்கியதால்தான், பிழைப்புக்குப் பயன்படாமல் போன ஒரு தொழிலறிவு அங்கே எழுபது ஆண்டுகளாக ஆள்மாறி ஆள் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் இப்போது இருக்கும் இரண்டு பயிற்சிப் பாய்க்கப்பல்களும் மீட்டெடுக்கப்பட்டவை அல்ல. கோவா கப்பல் கட்டும் தளத்தில் புதிதாகக் கட்டப்பட்டவை. 1997இல் பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் தரங்கிணி 2003-04இல் உலகைச் சுற்றிவந்தது. 2012இல் சேர்ந்த சுதர்சினி அதே ஆண்டு கொச்சியிலிருந்து தென்கிழக்காசிய நாடுகளுக்குப் புறப்பட்டது. இரண்டும் கடற்படையைச் சேர்ந்தவை, அவற்றில் முதன்மையாகப் பயில்பவர்கள் கடற்படையின் பயிற்சி அதிகாரிகள். 2025 மே மாதம் கார்வாரில் சேர்க்கப்பட்ட ஐஎன்எஸ்வி கௌண்டின்யா, பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய கலம். கட்டுவள்ளம் கட்டிய கரையிலிருந்து பார்க்கும்போது, அந்தச் செய்தியில் புதுமையைவிடப் பழக்கமே மிகுதியாகத் தெரிந்தது.

தமிழர் கட்டிய பெரிய பாய்க்கலம் ஒன்று மேலைநாட்டுக் கடலோடிகளின் கவனத்துக்கு வந்ததும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவரோடு அது அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் தொழிலைக் கற்றது தோணித் தலைவர்களான தண்டல்களிடம். பயிற்சிக் கப்பலில் அல்ல.

பயிற்சிக் கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளில் ஒரு தாள் கொடுப்பார்கள். கப்பலை மேலிருந்து பார்த்தாற்போல வரைந்து, எந்த முளையில் எந்தக் கயிறு என்று எண்ணிட்ட படம் அது. சில நாளில் நனைந்து, மடிப்புகளில் கிழிந்து, மனப்பாடமான பின் தூக்கி எறியப்படும். குமரிக் கரையின் பாய்வள்ளத்துக்கு அப்படி ஒரு படம் வேண்டுமென்றால், ஆஞ்சான் எங்கே, தாமான் எங்கே, மேல்காற்றில் எந்தப் பக்கம் கட்டுவது, வாடையில் எந்தப் பக்கம் மாற்றுவது என்று பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள் முட்டத்திலும் கடியபட்டணத்திலும் இன்னும் இருக்கிறார்கள். மாலையில் மணலில் உட்கார்ந்து வலை பொத்துபவர்களில் மூத்தவர்களைக் கேட்டால் போதும்.